கைப்பிடிச்சுவர்

எம் பாட்டியார்க்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் எது கைதவறி விழுந்தாலும், அஃது உடைந்ததா உடையவில்லையா என்று பாராமுன்னரே, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவார். கண்ணாடிக் குவளை உடைந்தால், சில்லுக் காலில் தைக்கவில்லை என்று ஒரு ஸ்தோத்திரம். பால் பொங்கி வழிந்தால், பாதியேனும் எஞ்சிற்றே என்று ஒரு ஸ்தோத்திரம். குளியலறையில் வழுக்கி விழுந்து எழுந்த அன்றும், இடுப்பைத் தடவிக்கொண்டே அவர் கூறியது அதுவே. பாளையங்கோட்டையில் பிறந்து, மணமாகி, அம்பத்தூருக்குக் குடிவந்து நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் இவ்வழக்கம் அவரை விட்டு நீங்கிற்றில்லை. சிறுவயதில் யாமும் எம் தங்கையும் இதனைக் கேட்டு நகைத்ததுண்டு. வேண்டுமென்றே கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, அடுத்த அறையிலிருந்து ஸ்தோத்திரம் எழுகின்றதா என்று செவிசாய்த்ததும் உண்டு.

விளையாட்டாகத் தோன்றிய அச்சொல்லின் பொருளை எமக்குச் சிறிது சிறிதாக உணர்த்தியவை, எம் இல்லத்தில் நேர்ந்த சில இடையூறுகளே. அவற்றுள் இரண்டினை ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம். அவை பெரிய நிகழ்ச்சிகள் அல்ல. செய்தித்தாளில் இடம்பெறத் தக்கனவும் அல்ல. ஆயினும், அடுப்படியிலும் கொல்லைப்புறத்திலும் நிகழும் சிறு துன்பங்களைத் திருமறை ஒருகாலும் சிறியன என்று தள்ளிற்றில்லை. கானாவூர்க் கலியாண வீட்டில் திராட்சரசம் குறைந்துபோயிற்று. விருந்து நடத்துவோர்க்கு அதனினும் பெரிய மானக்கேடு யாது? எலிசாவின் காலத்தில் யோர்தான் கரையில் மரம் வெட்டிய ஒருவனது கோடரி கழன்று நீரில் வீழ்ந்தது. அவன் அலறியதற்குக் காரணம், அஃது இரவல் வாங்கிய கோடரி என்பதே. பத்து வெள்ளிக்காசில் ஒன்றைத் தொலைத்த பெண், விளக்கேற்றி வீட்டைப் பெருக்கித் தேடினாள். துரோவா பட்டணத்தில் பவுல் நள்ளிரவு மட்டும் பிரசங்கித்தபோது, சன்னலில் அமர்ந்திருந்த ஐத்திகு என்னும் வாலிபன் உறங்கி, மூன்றாம் மாடியினின்றும் கீழே விழுந்தான். பிற்பகல் விரிவுரை கேட்கும் எம்மனோர், அவன்பால் இரக்கம் கொள்ளாதிருத்தல் அரிது. இரவல் கோடரியையும் ஒற்றைக் காசையும் பொருட்படுத்தும் கடவுள், எம் பாட்டியாரின் கண்ணாடிக் குவளையையும் பொருட்படுத்துவார் என்று நம்புவதில் தவறு ஒன்றும் இல்லை.

இனி முதல் நிகழ்ச்சி.

2021ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காய்ச்சலுக்குப் பின்னர்ப் பாட்டியார்க்கு மணமறியும் ஆற்றல் பெரிதும் குறைந்துவிட்டது. அடுத்த ஆண்டில் ஒரு மாலைப்பொழுது. அன்னையார் அடுப்பில் பால் வைத்திருந்தார். மழை தூறத் தொடங்கவே, கொடியிற் காய்ந்த துணிகளை எடுக்க மாடிக்கு விரைந்தார். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது, கேஸோ நிற்கவில்லை. அந்நேரம் பார்த்து மின்சாரமும் போயிற்று. பாட்டியார் மெழுகுவத்தி ஏற்றும் பொருட்டுத் தீப்பெட்டியும் கையுமாய் அடுப்பங்கரைக்குள் நுழைந்தார். அவ்வமயம் தண்ணீர்க் கேன் போடும் இளைஞர் வாயிற்படியில் வந்து நின்றார். நின்றவர், "பாட்டி! குச்சியைக் கிழிக்காதீங்க! கேஸ் வாடை அடிக்குது!" என்று கூவினார், தோளிலிருந்த கேனைத் திண்ணையில் போட்டுவிட்டு உள்ளே ஓடினார், சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடினார், பின்கதவைத் திறந்தார், பாட்டியாரைக் கைப்பிடித்து வெளியே அழைத்து வந்தார். யாம் பள்ளியினின்று திரும்பியபோது பாட்டியார் திண்ணையில் அமர்ந்து, எரியாத மெழுகுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, வழக்கமான அச்சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று எமக்கு நகைப்பு எழவில்லை.

இதன்பின்னர் அந்த 'வாடை' பற்றி ஆராயப் புகுந்தோம். சமையல் கேஸுக்கு இயல்பாக நாற்றம் இல்லை என்பதனை அன்றே அறிந்தோம். எத்தில் மெர்காப்டன் என்னும் பொருளைச் சிறிதளவு கலப்பதனாலேயே அழுகிய முட்டைக்கோசின் வாடை அதற்கு உண்டாகின்றது. இந்தக் கேஸ் காற்றினும் கனமானது. ஆதலின் மேலே பறந்து போகாமல் தரையோடு தரையாய்ப் படர்ந்து தங்கிவிடும். கதவு சன்னல்களைத் திறக்க வேண்டும், மின்சார சுவிட்சைத் தொடலாகாது என்று பெரியோர் கூறுவது இது பற்றியே. வாடை கலக்கும் வழக்கத்தை எங்கும் வற்புறுத்தியதோ ஒரு பெருந்துன்பம். 1937ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து நியூ லண்டன் என்னும் ஊரில், பள்ளிக் கட்டடத்தின் அடியில் வாடையற்ற இயற்கை எரிவாயு ஒருவரும் அறியாமற் கசிந்து நிறைந்திருந்தது. அது வெடித்தபோது ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலார் குழந்தைகள். அதன் பின்னரே அம்மாநிலம் எரிவாயுவில் வாடை கலத்தல் வேண்டும் என்று சட்டம் இயற்றியது. பிற நாடுகளும் அதனை மேற்கொண்டன. எம் பாட்டியாரைக் காத்தது கடவுளின் கை என்பதில் எமக்கு ஐயம் இல்லை. ஆனால், அக்கை அம்பத்தூர்த் தெரு ஒன்றில் ஒரு மனிதரின் மூக்கினை வந்தடைவதற்கு முன்னர், எங்கோ பிள்ளைகளை இழந்த பெற்றோரின் கண்ணீரையும் கடந்து வந்தது என்பதனை நினைக்குந்தோறும் உள்ளம் நடுங்குகின்றது.

நிற்க. இரண்டாம் நிகழ்ச்சியைச் சொல்வது எமக்கு எளிதன்று.

2023ஆம் ஆண்டு அக்டோபரில் எம் தந்தையார், கிறிஸ்துமஸுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்க எண்ணிச் சிறிது பணம் சேர்த்து வைத்திருந்தார். அவர் தொழிற்பேட்டையில் லேத்து வேலை செய்பவர். அவருக்குப் பழக்கமான மின்பணியாளர் ஒருவர் பூந்தமல்லியிலிருந்து வந்து, மின்விசிறி ஒன்றனைப் பழுதுபார்த்துவிட்டு, வீட்டு மின்பலகையை ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணே, பெயிண்டு அடுத்த வருஷம் அடிச்சுக்கலாம். முதல்ல இதுக்கு ஒரு டிரிப்பர் போடுங்க" என்று வற்புறுத்தினார். அவர் குறித்தது, ஆர்.சி.சி.பி. என்று கடைக்காரர் வழங்கும் கருவி. ஒரு கம்பி வழியே செல்லும் மின்சாரம் மற்றொரு கம்பி வழியே அதே அளவில் மீளுதல் வேண்டும். இடையில் ஈரச்சுவர் வழியாகவோ மனித உடல் வழியாகவோ சிறிது கசியுமாயின் அவ்வளவு குறையும். 30 மில்லி ஆம்பியர் வேறுபாடு கண்டவுடனே இக்கருவி கண்ணிமைக்கும் பொழுதில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். பழைய பியூஸ் கட்டைக்கு இவ்வாற்றல் இல்லை. தந்தையார் அரைமனத்துடன் இசைந்தார். வெள்ளையடிக்கும் எண்ணம் ஒழிந்தது.

எம் சபையைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் அடுத்த தெருவில் தையற்றொழில் செய்து குடும்பம் நடத்துகின்றார். அவரை யாம் அத்தை என்றே அழைப்பது வழக்கம். எம் அன்னையார் வாயிலாக இச்செய்தியைக் கேட்ட அவர், தம் வீட்டிலும் அக்கருவியைப் பொருத்த விரும்பி, மின்பணியாளரின் தொலைபேசி எண்ணைக் கேட்டனுப்பினார். அன்னையார் அவ்வெண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதி எம்மிடம் தந்து, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அத்தையிடம் கொடுத்துவிடு என்றார். யாம் அதனைத் திருக்குறட் புத்தகத்தினுள் வைத்தோம், வைத்ததை மறந்தோம். மூன்று ஞாயிறுகள் கழிந்தன. மூன்று ஞாயிறும் ஆலயத்தில் அத்தையைக் கண்டோம், வணங்கினோம், பாடகர் குழுவின் கிறிஸ்துமஸ் ஒத்திகைக்கு ஓடினோம். வள்ளுவர் 'பொச்சாவாமை' என்று மறதியைக் கடிவதற்கு ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். மகிழ்ச்சி மிகுதியால் வரும் மறதி, அளவிறந்த சினத்தினும் தீது என்பது அதன் முதற்குறளின் கருத்து. முதலாண்டு மாணவராகிய யாம் அதனை உரையோடு படித்து, வகுப்பில் ஒப்புவித்தும் இருந்தோம்.

டிசம்பர் 3, 4 நாள்களில் மிக்ஜாம் புயலின் மழை கொட்டிற்று. அம்பத்தூர் ஏரியின் மிகுநீர் கொரட்டூர் ஏரிக்குச் செல்லுதல் பண்டை அமைப்பு. இடையிலுள்ள நிலங்கள் வீடுகளும் தொழிற்கூடங்களும் ஆகிவிட்டமையால், நீர் தன் பழைய வழியை வீடுகளுக்குள்ளேயே தேடிற்று. எம் இல்லத்தில் முழங்காலளவு நீர் நின்றது. மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்தது. சில நாள் கழித்து அது மீண்டும் வந்தபோது, எம் வீட்டு டிரிப்பர் நிற்கவில்லை. மேலே தள்ளத் தள்ளக் கீழே விழுந்தது. தந்தையார் சலித்துக்கொண்டார். யாமும் அதனைப் பழித்தோம். மின்பணியாளர் வந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தபோதுதான், மாவரைக்கும் கிரைண்டரின் மோட்டாரில் நீர் புகுந்து, அதன் உடல் முழுதும் மின்சாரம் பாயும் நிலையில் இருந்தது புலப்பட்டது. அன்று காலை அன்னையார் அதனை ஈரத்துணியால் துடைத்திருந்தார். "ஸ்தோத்திரம்" என்றார் பாட்டியார்.

அச்சொல் அடங்குமுன்னரே அடுத்த தெருவிலிருந்து செய்தி வந்தது. அத்தையின் வீட்டில் மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம் நனைந்திருந்தது. கிறிஸ்துமஸ் துணிகள் குவிந்து கிடந்தமையால், மின்சாரம் வந்ததும் அவர் தைக்க அமர்ந்திருக்கின்றார். கை இயந்திரத்தோடு பற்றிக்கொண்டது. அவருடைய மகன் அறிவுடைய சிறுவன்; தாயைத் தொடாமல், உலர்ந்த மரக்கட்டையால் அவர் கையைத் தட்டிவிட்டான். உயிர் தப்பிற்று. வலக்கை கருகிற்று. அவ்வேளை இயந்திரத்தில் இருந்த துணி, எம் தங்கையின் கிறிஸ்துமஸ் பாவாடை.

டிசம்பர் 31ஆம் நாள் இரவு, ஆண்டிறுதி ஆராதனையில், ஒவ்வொரு குடும்பத்தார் சார்பாகவும் இளையோர் ஒருவர் எழுந்து, அவ்வாண்டில் ஆண்டவர் காத்த காவலுக்குச் சாட்சி கூறுதல் எம் சபையின் வழக்கம். எம் குடும்பத்தின் முறை வந்தது. கூறவேண்டியதை முன்னரே எழுதி மனப்பாடம் செய்திருந்தோம். வெள்ளத்தில் எம் வீட்டைக் கர்த்தர் காத்த வரலாறு, தக்க அடைமொழிகளோடு அமைந்திருந்தது. எழுந்து நின்றோம். மூன்றாம் வரிசையில் அத்தை அமர்ந்திருந்தார். வெள்ளைத் துணி சுற்றிய கை மடியின்மேல் கிடந்தது. எம் வீட்டைக் கடவுள் காத்தார் என்று அவர் முன் கூறின், அவர் வீட்டைக் காவாது விட்டார் என்றன்றோ பொருள்படும்? அவர் வீட்டைக் காக்கவேண்டிய துண்டுத்தாள் எம் புத்தகத்தினுள் உறங்கிற்று என்பதனை யாம் மறைத்து நிற்பது ஆகாதோ? நா எழவில்லை. ஒன்றும் கூறாமல் அமர்ந்துவிட்டோம். எம் தந்தையார் முகம் சுருங்கிற்று.

ஆராதனை முடிந்து எல்லாரும் புத்தாண்டு வாழ்த்துக் கூறிக் கேக்கு உண்ணும் வேளையில், அத்தை எம்மிடம் வந்தார்.

"என்ன தம்பி, எழுந்து நின்னே. ஒண்ணும் சொல்லாம உட்கார்ந்துட்டியே?"

யாம் அனைத்தையும் கூறினோம். துண்டுத்தாளையும், மூன்று ஞாயிற்றையும் கூறினோம். அத்தை சிறிது நேரம் தம் கையை நோக்கிக்கொண்டிருந்தார். 'பரவாயில்லை' என்று அவர் கூறவில்லை. கூறியிருப்பின் எமக்கு எளிதாயிருந்திருக்கும். பின்னர், "நானும் உன்கிட்ட கேட்டிருக்கலாம். தையல் அவசரத்துல விட்டுட்டேன். சரி, இப்பவாவது அந்த நம்பரைக் கொடு" என்றார்.

எம் பத்தொன்பது ஆண்டு வாழ்நாளில் யாம் கேட்ட பிரசங்கங்கள் பல. அவற்றுள் ஒன்றேனும் இவ்வொரு வாக்கியத்தைப் போல் எம்மை ஊடுருவிற்றில்லை.

அன்றிரவு உறக்கம் வராமையால் லூக்கா எழுதிய சுவிசேஷத்தைப் புரட்டினோம். சீலோவாமிலே கோபுரம் விழுந்து 18 பேர் மாண்ட செய்தி அதிற் காணப்படும். இறந்தவர் ஏனையோரினும் பெரும் பாவிகளோ என்னும் வினாவை இயேசு பெருமான் உறுதியாக மறுத்தார். கேட்டோரை நோக்கி, நீங்கள் மனந்திரும்புங்கள் என்றார். எமக்கு ஏன் காவல், அத்தைக்கு ஏன் காயம் என்னும் வினாவுக்கு எம்மிடத்து விடை இல்லை. ஆனால் யாம் எதனின்று திரும்பவேண்டும் என்பது எமக்கு நன்கு விளங்கிற்று.

மெதடிஸ்டு சபையின் தந்தையாகிய ஜான் வெஸ்லியின் இளமையிலும் இத்தகையதோர் இல்லத்து விபத்து உண்டு. 1709ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், இங்கிலாந்தின் எப்வொர்த் என்னும் ஊரில், அவர் தந்தையாரின் குருமனை தீப்பற்றி எரிந்தது. ஐந்து வயதுச் சிறுவராகிய ஜான் மாடியில் அகப்பட்டுக்கொண்டார். படிக்கட்டு எரிந்துவிட்டமையால் தந்தையார் செய்வதறியாது முழங்காற்படியிட்டு, மகனின் ஆன்மாவைக் கடவுளிடத்து ஒப்புவித்தார். சிறுவரோ சன்னலண்டை வந்து நின்றார். ஏணி கொணரப் பொழுதில்லை. அண்டை அயலாருள் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நின்று, அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டனர். அடுத்த நொடியில் கூரை சரிந்தது. தம்மைத் தீயினின்று பறித்தெடுத்த கடவுளை வெஸ்லி வாழ்நாள் முழுதும் மறந்திலர். அத்தந்தையார் செபத்துக்குக் கடவுள் அளித்த விடை, இரண்டு அயலாரின் தோள்களாக வந்தது. அத்தோள்கள் அன்றிரவு வேறெங்கேனும் மறந்து நின்றிருப்பின்?

மோசேயின் நியாயப்பிரமாணத்தில் உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு கட்டளை உண்டு. புதுவீடு கட்டுவோன் மேற்றளத்துக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்புதல் வேண்டும். எழுப்பாமையால் ஒருவன் விழுவானாயின், அப்பழி வீட்டின்மேல் வரும் என்பது அதன் கருத்து. விழுகின்றவரைத் தேவதூதர் தாங்குவர் என்று நம்பும் அதே மறை, கொத்தனை அழைத்துச் சுவர் எழுப்பு என்றும் பணிக்கின்றது. இவ்விரண்டும் தம்முள் முரணா என்று முன்னர் ஐயுற்றதுண்டு. இப்பொழுது அவ்வையம் இல்லை. கேஸில் கலந்த வாடையும் கைப்பிடிச்சுவரே, டிரிப்பரும் கைப்பிடிச்சுவரே, தொலைபேசி எண் எழுதிய துண்டுத்தாளும் கைப்பிடிச்சுவரே. கடவுளின் காவல் வீடுதோறும் செல்லும் வழிகள் இவை. அவ்வழியை அடைத்துக்கொண்டு நின்று, எம்மை மட்டும் காத்தார் என்று சாட்சி கூறுவது யாங்ஙனம் தகும்?

2024ஆம் ஆண்டு சனவரியின் முதற் சனிக்கிழமையன்று மின்பணியாளர் பூந்தமல்லியினின்று வந்தார். அத்தை வீட்டில் தொடங்கி, அத்தெருவில் பதினொரு வீடுகளைச் சோதித்தார். யாம் ஏணி சுமந்தோம்; மின்பெட்டிகளின் தூசு துடைத்தோம்; எந்த வீட்டில் எது குறை என்று தாளில் எழுதினோம். பணம் கொடுக்க இயலாத இரண்டு வீடுகளுக்கு எம் சபை வாலிபர் கருவி வாங்கித் தந்தனர். மின்பணியாளர் கூலி பெற மறுத்தார். அவர் ஆடித் திங்கள்தோறும் திருவேற்காட்டுக் கருமாரியம்மன் கோயிலுக்கு நடந்தே செல்பவர். மாலையில் எம் திண்ணையில் காப்பி அருந்திக்கொண்டிருந்தவரிடம் பாட்டியார், "நீ நல்லாயிருக்கணும்யா. எங்களைக் கர்த்தர்தான் உன் மூலமாக் காப்பாத்தினார்" என்றார். அவர் முறுவலித்து, "எல்லாம் ஆத்தா காப்பாத்துவா பாட்டி. ஆனா எர்த்து நாமதான் போடணும்" என்றார். பாட்டியார் சிறிது எண்ணிப்பார்த்து, "நீ சொல்றதும் சரிதான்" என்றார்.

அத்தையின் வலக்கையில் இரண்டு விரல்கள் இன்றும் முற்ற மடங்குவதில்லை. அவர் துணி வெட்டுகின்றார். தைப்பதற்கு வேறொரு பெண் வருகின்றாள். சென்ற கிறிஸ்துமஸுக்கு எம் தங்கையின் உடை அங்கேயே தைக்கப்பட்டது. அதனை வாங்கிவரச் செல்வது எம் பணி.

கல்லூரி அன்பர்களே! நும்மிற் பலர் விடுதியில் வாழ்கின்றீர். காப்பாளர் அறியாமல் வாளிக்குள் ஹீட்டர் கம்பியை இட்டு நீர் காய்ச்சுவோர் யார் யார் என்று கேட்க யாம் வரவில்லை. ஆனால் அடுத்த அறையிலிருப்பவன் இருட்டில் கை நனைப்பதற்கு முன்னே, "மின்சாரம் இருக்கிறது, தொடாதே" என்று ஒரு சொல் சொல்ல மறவாதீர். அச்சொல்லை அவனிடம் அனுப்பும்படி கடவுள் நும்மிடத்து முன்னரே ஒரு துண்டுத்தாள் தந்திருத்தல் கூடும்.

யாமோ, இவ்வாண்டிறுதி ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி கூறினோம். அடைமொழி ஒன்றும் இல்லை. எம்மைக் காத்தவர் இன்னார் இன்னார் என்று, தண்ணீர்க் கேன் இளைஞர் முதலாக எண்ணிக் கூறி, அவரையெல்லாம் எமக்கு அனுப்பினவருக்கு ஸ்தோத்திரம் என்று முடித்தோம். பின்வரிசையினின்று பாட்டியாரின் குரல் எழுந்தது. கீழே விழுந்தது ஒன்றும் இல்லை.